கரப்பான் பூச்சியும் கடைச் சரக்கும்

மளிகைக் கடைக்காரருக்குக் கரப்பான் பூச்சி வீட்டுத் தொல்லை மட்டுமன்று, வியாபாரத் தொல்லையும்கூட. ரவைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒன்று ஓடினால், வாங்கிய அம்மாள் சண்டைக்கு வரமாட்டார். பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். உணவுப் பாதுகாப்பு விதிகளும் 2011 முதல் அந்தப் பொறுப்பை நம் தலையில்தான் வைத்திருக்கின்றன.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு தவறு செய்தோம். கிட்டங்கியில் பூச்சி பெருகிவிட்டதென்று சனிக்கிழமை இரவு மருந்தை மூலைமுடுக்கெல்லாம் அடித்துப் பூட்டிவிட்டோம். திங்களன்று திறந்தால் 14 மூட்டை மைதாவில் மருந்து வாடை. கோழித் தீவனத்துக்குக் கேட்டார்கள். அதற்கும் கொடுக்க மனம் வரவில்லை, குழி தோண்டிப் புதைத்தோம். கரப்பானோ சில வாரங்களில் மறுபடியும் வந்துவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. முட்டைகள் கெட்டியான கூட்டுக்குள் இருக்கின்றன. மேலே அடிக்கும் மருந்து உள்ளே போவதில்லை. கடைகளில் அதிகம் திரியும் சின்ன வெளிர்பழுப்புக் கரப்பானின் ஒரு கூட்டில் 30, 40 முட்டைகள் இருக்கும்!

இந்தச் சின்ன வகை பெரும்பாலும் சரக்கோடுதான் வருகிறது. அட்டைப்பெட்டியின் மடிப்புகளும் பழைய சாக்கும் அதற்கு வீடு மாதிரி. ஆகவே பெட்டிகளை வாசலிலேயே பிரித்துச் சரக்கை மட்டும் உள்ளே எடுங்கள். காலி அட்டையை எடைக்குப் போடுவதற்காக மாதக்கணக்கில் பரண்மேல் சேர்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் வரும் காசைவிடப் போகும் காசு அதிகம்.

அடுத்தது தண்ணீர். தீனி இல்லாமல் பல நாள் தாக்குப்பிடிக்கும் பூச்சி, தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. ஒழுகும் குழாய், பிரிட்ஜ் அடித்தட்டில் தேங்கும் நீர், டீ கிளாஸ் கழுவும் வாளி ஆகியவற்றை இரவில் உலர வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிக்குப் போரிக் பவுடர். மைதா 2 பங்கு, பொடித்த சீனி 1 பங்கு, போரிக் 1 பங்கு; வெங்காயச் சாறு விட்டுப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டிக் காயவைக்கவும். பிரிட்ஜ் மோட்டார் பக்கம், கல்லாப்பெட்டிக்கு அடியில், தராசு மேடைக்குக் கீழே என்று வெதுவெதுப்பும் இருட்டும் உள்ள இடங்களில் வைக்கவும். சரக்கு இருக்கும் தட்டில் வைக்கவே கூடாது. உடனே சாகாது, சில நாள் ஆகும். பலர் மூன்றாம் நாளே நம்பிக்கை இழந்து எடுத்துவிடுகிறார்கள். முட்டை பொரிந்து புதிது வந்துகொண்டே இருக்கும் என்பதால் 2 மாதமாவது விடாமல் வைக்கவேண்டும். ஈரம் பட்டதையும் பூஞ்சை பிடித்ததையும் மாற்றிவிடவும்.

கேரம் போர்டு பவுடரே போதும் என்பார்கள். எல்லாப் பவுடரும் போரிக் அல்ல. பெயரைப் படித்து வாங்கவும். பிரியாணி இலை, கிராம்பு, வேப்பிலை எல்லாம் வைத்துப் பார்த்தோம். எங்கள் அனுபவத்தில் பூச்சி அடுத்த அலமாரிக்குக் குடிபோனதுதான் மிச்சம். அந்துருண்டை அரிசிக்கும் பருப்புக்கும் பக்கத்திலேயே வேண்டாம், வாடை ஏறிவிடும்.

போரிக் மலிவானது என்றாலும் விஷம்தான். பிசைந்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கவேண்டாம். உருண்டை பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். கடைக்கு வரும் குழந்தைகளின் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.