உறைந்த மண்ணில் எண்ணெய் கொட்டினால்?



கடலில் எண்ணெய் கொட்டினால் மீனும் பறவையும் சாகும்னு நாம எல்லாரும் படிச்சிருக்கோம். மண்ணில் கொட்டினால் என்ன ஆகும்? அதுவும் வருஷத்தில் பாதிக்கு மேல் உறைஞ்சு கிடக்கிற வடதுருவப் பக்கத்து மண்ணில்? வாங்க, தெரிஞ்சுக்கலாம்.

எங்கே நடந்தது?

ரஷ்யாவின் வடக்கே கோமி குடியரசில் உசின்ஸ்க் என்ற ஊர் இருக்கிறது. 1994-ல் அங்கே அரித்துப்போன பழைய குழாயிலிருந்து பல்லாயிரம் டன் கச்சா எண்ணெய் கசிந்தது. அதைத் தடுக்கப் போட்ட கரையும் உடைந்து, எண்ணெய் சதுப்பு நிலத்திலும் ஆற்றிலும் பரவியது. 2020 மே 29 அன்று சைபீரியாவின் நோரில்ஸ்க் நகரில் ஒரு பெரிய தொட்டி உடைந்து சுமார் 20,000 டன் டீசல் வெளியேறியது. பெரும்பகுதி ஆற்றில் கலந்தது, மீதி மண்ணில் இறங்கியது.

அந்த மண்ணில் யார் இருக்காங்க?

அங்கே பல இடங்களில் அடிமண் எப்போதும் உறைந்தே இருக்கும். கோடையில் மேல் அடுக்கு மட்டும் உருகும். அந்த மெல்லிய அடுக்கில்தான் எல்லா உயிரும் வாழ வேண்டும். பாக்டீரியா, பூஞ்சை, வெள்ளை நூல் மாதிரி குட்டிப் புழுக்கள், ஸ்பிரிங்டெயில் என்னும் துள்ளும் சிறு பூச்சிகள், உண்ணி இனச் சிற்றுயிர்கள் எல்லாம் அங்கே உண்டு. நம்ம ஊரில் மண்புழு செய்யும் வேலையில் பெரும்பங்கை அங்கே அந்த வெள்ளைப் புழுக்கள் செய்கின்றன.

எண்ணெய் என்ன செய்யும்?

1. மண்துகளைச் சுற்றிப் படலம் போல ஒட்டிக்கொள்ளும். காற்றும் தண்ணீரும் சரியாக உள்ளே போகாது. ஸ்பிரிங்டெயில்களில் பெரும்பாலானவை தோல் வழியாகவே மூச்சு விடுபவை. அவை மூச்சுத் திணறிச் சாகும்.

2. டீசல் போன்ற லேசான எண்ணெயின் நச்சு, புழுக்களையும் வேர்களையும் உடனே தாக்கும்.

3. பாசியும் லைக்கனும் கருகும். மெதுவாக வளரும் அவை திரும்ப முளைக்கப் பல வருஷம் ஆகும். கலைமான்களுக்குக் குளிர்காலத்தில் லைக்கன்தான் முக்கிய உணவு.

4. தரை கறுப்பாகி வெயிலை அதிகம் இழுக்கும். பாசிப் போர்வையும் போனதால் அடியில் உறைந்த மண்ணும் உருகத் தொடங்கும்.

சுத்தம் செய்வது யார்?

ஒரு ஆச்சரியம்! ரோடோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களில் பல எண்ணெயையே தின்னும். குளிரிலும் வாழக்கூடியவை அவற்றில் உண்டு. அப்போ கவலை இல்லையே என்று நினைக்காதீங்க.

இட்லி மாவை வெளியே வச்சா ஒரே ராத்திரியில் பொங்கிடும். பிரிட்ஜில் வச்சா அப்படியே இருக்கும். அதே கதைதான் இங்கேயும். குளிரில் பாக்டீரியா மெதுவாக வேலை செய்யும். வேகமாக வேலை செய்ய வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான் கிடைக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெயில் கார்பன் ஏராளம், நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகக் குறைவு. சோறு மலை மாதிரி இருக்கு, குழம்பு ஒரு கரண்டிதான்! மண்ணில் இருக்கிற கொஞ்ச நைட்ரஜனையும் பாக்டீரியா எடுத்துக்கொள்ள, செடிகள் பட்டினி கிடக்கும்.

25 வருஷம் கழித்து...

1976-ல் அமெரிக்காவின் அலாஸ்காவில், ஆராய்ச்சிக்காகவே ஒரு காட்டின் இரண்டு இடங்களில் கச்சா எண்ணெயைக் கொட்டினார்கள். ஒன்று குளிர்காலத்தில், மற்றொன்று கோடையில். 25 வருஷம் கழித்துப் பார்த்தபோதும் எண்ணெய் மண்ணில் இருந்தது!

என்ன வழி?

மண்ணை வெட்டி எடுத்துவிடலாமே என்று கேட்பீங்க. பாசியைக் கிளறினால் அடிப்பனி உருகி நிலமே அமிழ்ந்துவிடும். அதனால் முதலில் தேங்கிய எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு அளவாக உரம் போட்டு பாக்டீரியாவுக்கு உதவுகிறார்கள். உரம் அதிகமானாலும் ஆபத்துதான்.

குழாயையும் தொட்டியையும் நேரத்துக்குச் சோதித்துப் பழுது பார்க்க ஆகும் நாட்கள் கொஞ்சம். கொட்டிய பிறகு மண் தேற ஆகும் காலமோ ஒரு மனிதனின் பாதி ஆயுள். வருமுன் காப்பதே அறிவு!

யோசிச்சுப் பாருங்க: அதே எண்ணெய் வெப்பமான ஊரின் மண்ணில் கொட்டினால் எது வேகமாக நடக்கும்? விடையைக் காரணத்தோடு எழுதி, பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்க.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, அறிவியல் மன்றம்