தீராக் கடன்

அமெரிக்காவில் நொடித்துப்போனவன் திவால் மனுக் கொடுத்தால் பெரும்பாலான கடன்கள் தீரும். கல்விக் கடனோ எளிதில் தீராது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுக் காலத்திற்கே தடையிட்டது. 1998-இல் அரசுக் கடனுக்கு அது என்றைக்குமான தடையாயிற்று. 'தாங்கொணா இடர்' எனத் தனி வழக்காடி மெய்ப்பித்தால்தான் விடுதலை.

அவ்விடரை அளக்கப் பல நீதிமன்றங்கள் கைக்கொள்ளும் அளவுகோல் 1987-ஆம் ஆண்டுப் புரூனர் வழக்கில் பிறந்தது. கடனைக் கட்டினால் எளிய வாழ்வும் நடவாது. இந்நிலை நெடுங்காலம் நீடிக்கும். கட்ட நேர்மையாக முயன்றும் இயலவில்லை. இம்மூன்றையும் காட்டவேண்டும். இரண்டாவதே கொடிது என்பேன். எதிர்காலத்தை நம்பிக் கடன்பட்டுப் படித்தவன், தனக்கு எதிர்காலமே இல்லையெனச் சான்று தரவேண்டுமாம்!

2022 நவம்பரில் அந்நாட்டு நீதித்துறை, மனுதாரர் வரவு செலவைப் படிவத்தில் எழுதித் தந்தால் அரசு வழக்கறிஞர் ஆராய்ந்து இசைய வழிவகுத்தது. முடிவு நீதிபதியின் கையில். இந்திய வங்கிக் கடனோடு அங்கே படிக்கச் செல்லும் நம்மவர்க்கு அப்படிவம் உதவாது.