பெயரை விற்ற தீவு



கடைக்கு முதல் எது என்று கேட்டால் பணம் என்போம். பணத்திற்கும் முன்னே நிற்கும் முதல் ஒன்று உண்டு; அது நாணயம். காசுக்கும் நேர்மைக்கும் நம் மொழியில் ஒரே சொல் அமைந்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இது தனி மனிதனுக்கு மட்டுமன்றி ஒரு நாட்டுக்கும் பொருந்தும் என்பதற்குப் பசிபிக் மாகடலிலுள்ள நவூரு தீவே சான்று.

நவூருவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கு. 1968 ஜனவரி 31இல் சுதந்திரம் பெற்றது. உரத்துக்கு உதவும் பாஸ்பேட்டை வெட்டி விற்று, ஆள்வீத வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது. மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டடமும் எழுப்பியது. பின்னர் பாஸ்பேட் குறைந்தது. சேமித்த செல்வமும் தவறான முதலீடுகளில் கரைந்தது. 1990களில் அத்தீவு தன் பெயரையே விற்கத் தொடங்கியது.

எப்படி? கட்டணம் செலுத்திய அந்நியருக்கு வங்கி உரிமம் கொடுத்தது. அவ்வங்கிகளுக்குக் கட்டடம் இல்லை, குமாஸ்தா இல்லை, பேரேட்டைச் சோதிக்க அதிகாரியும் இல்லை. ஏறத்தாழ 400 வங்கிகளுக்கு ஒரே அரசாங்கத் தபால் பெட்டிதான் முகவரி! பணம் தீவுக்கு வருவதே இல்லை. வேறு நாடுகளின் பெரிய வங்கிகளிலுள்ள கணக்குகளில், நவூரு வங்கியின் பெயரால் அது கைமாறும். உடையவர் யார் என்பது மறைந்துவிடும். 1998ஆம் ஆண்டில் மட்டும் ருஷ்யாவிலிருந்து சுமார் 7,000 கோடி டாலர் இவ்வழியே சென்றதாக ருஷ்ய மத்திய வங்கியின் துணைத் தலைவர் கூறினார்.

விளைவு விரைவில் வந்தது. 1999 இறுதியில் நியூயார்க்கின் பெரிய வங்கிகள் சில நவூருவுடன் டாலர் பரிமாற்றத்தை நிறுத்தின. 2000 ஜூனில் பல நாட்டு நிதி நடவடிக்கைக் குழு அதனை ஒத்துழைக்காத நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. சட்டங்களைத் திருத்தி, அப்பெயரளவு வங்கிகளை ஒழித்த பிறகே, 2005 அக்டோபரில் பெயர் நீக்கப்பட்டது. இதற்கிடையே மெல்போர்ன் கட்டடமும் 2004இல் விற்கப்பட்டது. தீவின் சொந்த வங்கியும் நொடித்தது. மக்கள் சம்பளத்தை ரொக்கமாக வாங்கி வீட்டில் வைக்கும் நிலை வந்தது. ஆஸ்திரேலிய வங்கியொன்று 2015இல் முகவர் நிலையம் திறந்த பிறகே ஓரளவு வசதி கிடைத்தது. ஆதாயம் அடைந்தவர் அந்நியர். தண்டம் கட்டியவர் தீவார்.

வங்கி இல்லாத ஊரில் முதலீடு செய்ய எவர் வருவார்? நேர்மையான வியாபாரி சரக்குக்குப் பணம் அனுப்பினாலும் சந்தேகமே எழும்.

சகோதரர்களே! நாமும் சிறு தீவுகளே. நாணயமாற்றுக் கடையும் மளிகைக் கடையும் நடத்தும் நம்மிடம் ஒருவர் வந்து, "உங்கள் கணக்கில் பணம் போடுகிறேன், எடுத்துக் கொடுங்கள், நூற்றுக்கு இரண்டு உங்களுக்கு" என்பார். சரக்கு இல்லை, உழைப்பு இல்லை, லாபம் மட்டும் உண்டு! அவர் கேட்பது நம் கணக்கையன்று, நம் பெயரை. மலேசியாவில் 2001ஆம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரில் அதற்கு நிகரான சட்டங்களும் இதனைக் கடுமையாகத் தண்டிக்கின்றன. "எனக்குத் தெரியாது" என்ற சொல் மட்டும் நம்மைக் காப்பாற்றாது.

ஆகவே எந்தப் பணத்தையும் ஏற்குமுன், எந்த முதலீட்டிலும் சேருமுன் மூன்று கேள்விகள் கேட்போம்:

1. இப்பணத்தின் உண்மையான உடையவர் யார்?
2. எந்த வியாபாரத்தில் இது பிறந்தது?
3. இதன் கணக்கை யார் சோதிக்கிறார்?

மூன்றில் ஒன்றுக்கு விடை வராவிட்டாலும் கையை எடுத்துவிடுவதே நலம்.

நபித்துவம் கிடைக்குமுன்பே நம் நாயகம் (ஸல்) அவர்களை மக்கள் "அல்-அமீன்" என்று அழைத்தனர்; தம் பொருளை நம்பி ஒப்படைத்தனர். அந்த நம்பிக்கையே வணிகனுக்கு வாழ்நாள் முதல். அதை இரண்டு வெள்ளிக்கு விற்காதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.