கணிப்பொறிக்குள் ஒரு நீரோட்டம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மேசைக் கணிப்பொறிகளில் இப்போது "திரவக் குளிர்விப்பு" என்னும் முறை பரவி வருகிறது. இப்பெயரைக் கேட்டவுடன், பெட்டிக்குள் யாரோ ஒரு மண்பானையை வைத்துவிட்டதைப் போன்ற எண்ணம் நமக்கு எழுகின்றது. மண்பானையோ தன் நீரில் ஒரு பகுதியை ஆவியாக இழந்து, அறையைவிடக் குளிர்ச்சி அடைகிறது. கணிப்பொறியில் ஓடும் திரவம் மூடிய குழாய்க்குள் அடைபட்டது. அது ஆவியாக வழியில்லை. பிறகு எப்படிக் குளிர்விக்கிறது? நம் பாடநூலில் உள்ள எளிய விதிகளைக் கொண்டே இதற்கு விடை காண்போம்.

வெப்பம் பிறக்கும் இடம்

கணிப்பொறியின் மூளை என்று சொல்லத்தக்கது பிராசசர். அது பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. 1993-ல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் வெப்பத்தையே வெளியிட்டது. 2022-ல் வந்த இன்டெல் கோர் ஐ9-13900கே, முழுவேகத்தில் 253 வாட் வரை எடுத்துக்கொள்ளும். பழைய 60 வாட் குண்டு பல்புகள் நான்கினை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்தாற்போல் எண்ணிப் பாருங்கள்! வெப்பநிலை 100 டிகிரியை எட்டினால் இந்தப் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அமைப்பு

நீரால் குளிர்விப்பது புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1980-ல் அறிவித்த 3081 என்னும் பெருங்கணிப்பொறியே நீரால் குளிர்விக்கப்பட்டதுதான். அம்முறை சுருங்கி மேசைக்கு வந்ததற்கு, 2009-ல் வெளியான கோர்செர் எச்50 ஓர் எடுத்துக்காட்டு. பிராசசரின் மீது படியும் செம்புத் தகடு, அதன்மேலே ஒரு சிறு பம்பு, இரண்டு குழாய்கள், அலுமினிய ரேடியேட்டர், அதில் பொருத்திய விசிறி ஆகியவையே இதன் உறுப்புகள். தொழிற்சாலையிலேயே திரவத்தை நிரப்பி மூடிவிடுகிறார்கள்.

என் தந்தையார் டிராக்டர் ஓட்டுநர். "ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தாலும், முன்பக்கம் தூசி அடைத்தால் இஞ்சின் கொதிக்கத்தான் செய்யும்" என்று அவர் அடிக்கடி கூறுவார். கணிப்பொறிக்கும் அதே விதிதான்.

கணக்கு சொல்வது

ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த 4,186 ஜூல் தேவை. பிராசசர் 200 வாட் வெளியிடுகிறது, நிமிடத்திற்கு 1 லிட்டர் நீர் ஓடுகிறது எனக் கொள்வோம். ஒரு நிமிடத்தில் பிறக்கும் வெப்பம் 12,000 ஜூல். அதைப் பெற்றுக்கொண்டும் நீரின் வெப்பநிலை 3 டிகிரிக்குள்தான் உயர்கிறது! சம கன அளவில் நீர், காற்றைப்போல் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்க வல்லது. சுமப்பதில் நீருக்கு நிகர் நீரே.

ஆனால் சுமந்ததை இறக்கி வைக்க வேண்டாமா? விசிறி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது 200 மில்லிலிட்டர் நீர் எனில், அதே 200 வாட் வெப்பம் அந்நீரை ஏறத்தாழ இரண்டே நிமிடங்களில் 30 டிகிரி உயர்த்திவிடும். ஆகவே, வெப்பத்தை இறுதியாக ஏற்றுக்கொள்வது அறையின் காற்றே. அக்காற்றைவிடக் குளிர்ந்த நிலைக்கு இக்கருவியால் பிராசசரைக் கொண்டுசெல்ல இயலாது.

ஓம் விதியைப் போலவே இங்கும் ஒரு கணக்கு உண்டு. வெப்பநிலை வேறுபாடு என்பது வாட் அளவையும் வெப்பத்தடையையும் பெருக்கி வருவது. தடை, வாட்டுக்கு 0.2 டிகிரி எனக் கொண்டால், 200 வாட்டிற்கு வேறுபாடு 40 டிகிரி. அறை 25 டிகிரியாக இருந்தால் பிராசசர் 65-ல் நிற்கும். சித்திரை வெயிலில் அறை 38 டிகிரியானால் அது 78 ஆகிவிடும்.

நிறையும் குறையும்

ரேடியேட்டரைப் பெட்டியின் சுவரோரம் பொருத்தி, வெப்பத்தை நேரே வெளியேற்ற முடிவது இதன் பெரும் நன்மை. பிராசசரைச் சுற்றி இடமும் மிஞ்சுகிறது. குறைகளும் உண்டு. பம்பு நின்றால் ஓட்டமும் நின்றுபோகும். குழாயின் சுவர் வழியே நீர் மிக மெல்லக் கசிந்து ஆவியாகி, ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளே காற்றுக் குமிழி சேரும். குமிழி மேலேறும் இயல்புடையது. எனவே பம்பு சுற்றின் உச்சியில் இருக்குமாறு பொருத்தலாகாது. மேலும், செம்பின் திட்ட மின்முனை அழுத்தம் +0.34 வோல்ட், அலுமினியத்தினுடையது −1.66 வோல்ட். இரண்டும் ஒரே திரவத்தில் நனைவதால் அலுமினியம் அரிக்கப்படக்கூடும். அதைத் தடுக்கவே அரிப்புத் தடுப்பான்களைத் திரவத்தில் கலக்கிறார்கள்.

நமக்கு எது தேவை?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர்களில் நானே முதல்வன். ஒரு கருவியை வாங்குமுன் கேட்டுத் தெளிய வீட்டில் எவருமில்லை. நம்மில் பலருக்கும் இதுவே நிலை. அத்தகையோருக்குக் கணக்கே மூத்த அண்ணன். உதவித்தொகையைச் சேர்த்து வாங்கும் கணிப்பொறியில் 65 வாட் பிராசசர் இருக்கிறது எனில், வாட்டுக்கு 0.4 டிகிரி தடையுள்ள எளிய காற்றுக் குளிர்விப்பானே போதும். வேறுபாடு 26 டிகிரிதான். 38 டிகிரி அறையிலும் பிராசசர் 64 டிகிரியைத் தாண்டாது. 200 வாட்டிற்கு மேல் நெடுநேரம் உழைக்க வைப்பவர்க்கே திரவக் குளிர்விப்பால் மெய்யான பயன் உண்டு.

எனவே நண்பர்களே, கருவியின் பளபளப்பைப் பார்க்குமுன் பிராசசரின் வாட் அளவைப் பாருங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அதைத் துணியால் மூடியபடி இயக்காதீர்கள். மாதம் ஒருமுறை, மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, மெல்லிய தூரிகையால் தூசியைத் துடையுங்கள். காசு செலவில்லாத குளிர்விப்பு அது ஒன்றே.