தென்கரைக்கோட்டையை இடித்தது யார்?

அன்புள்ள தம்பி,

தர்மபுரிப் பக்கத்துத் தென்கரைக்கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பீரங்கி வைத்து இடித்தானா, மைசூர்த் திப்புவே இடித்துவிட்டுப் போனாரா என்று கேட்டிருக்கிறாய். இரண்டில் ஒன்றுதான் விடை என்று நீயே முடிவு கட்டிக்கொண்டதுதான் என்னை உறுத்துகிறது. பாழடைந்த மதிலைக் கண்டால் நம் ஆட்களுக்கு உடனே ஒரு போர் வேண்டும். போர் கிடைக்காவிட்டால் ஒரு சுரங்கப்பாதை. பாறையைக் குடைந்து பத்து மைல் போக எந்தப் பாளையக்காரனிடம் பணம் இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்தக் கோட்டையை யாரும் இடிக்கவில்லை, மைசூருக்கும் கம்பெனிக்கும் நடுவிலிருந்த எல்லை நகர்ந்து அதைக் கைவிட்டது என்பதே என் கட்சி. 1768 பிப்ரவரியில் கர்னல் உட் கம்பெனிப் படையோடு வந்து தென்கரைக்கோட்டையையும் தர்மபுரியையும் பிடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் மைசூரை ஆண்ட ஐதர் அலி இரண்டையும் மீட்டுக்கொண்டார். மார்க் வில்க்ஸ் எழுதிய மைசூர் வரலாற்றில் அந்த டிசம்பரை மட்டுமாவது படி. கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக, சில நாள் இடைவெளியில் விழுகின்றன. மதில் பலவீனம் அதற்குக் காரணமல்ல. உள்ளே விட்டுப்போன ஆள் போதவில்லை, துணைக்குப் படையும் வரவில்லை. பெரும்படையைத் தடுப்பது இவற்றின் வேலையே அல்ல என்பேன். தண்டல் பணத்தையும் தானியத்தையும் குதிரைக் கூட்டம் கொள்ளையடிக்காமல் காப்பதும், சாலையில் ஒரு கண் வைத்திருப்பதும்தான் வேலை. பத்து மாதத்தில் இருமுறை கைமாறியும் அவை பாழாகவில்லை. உடைந்ததைப் பூசிக்கொண்டு 1792 வரை மைசூருக்கு உழைத்தன. ஆக, போர் கோட்டையைக் கொல்வதில்லை. போர் வரும் என்ற பயம் இருக்கும்வரை மராமத்துக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும்.

பயம் போனது எப்போது? 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்தக் கோட்டைகள் இருந்த பாரமகால் வட்டாரம் மைசூரிடமிருந்து கம்பெனிக்கு வந்தது. எல்லை மலைக்கு மேலே ஏறியது. கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தர்மபுரியில் இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போடுவதில் இறங்கினார்கள். பாரமகால் ஆவணங்களைப் புரட்டினால் பக்கம் பக்கமாக நஞ்சை, புஞ்சை, தீர்வைதான். (எனக்குப் போர்க்கதைகளைவிட அந்தக் கணக்குகளே சுவை, சொன்னால் சிரிப்பாய்.) 1799-இல் திப்பு வீழ்ந்ததும் பகை எல்லையே இல்லாமல் போயிற்று. காவலுக்கு எதிரி இல்லாத கோட்டைக்கு எந்தச் சர்க்கார் சுண்ணாம்பு வாங்கித் தரும்?

அப்படியானால் ராயக்கோட்டை மட்டும் ஏன் 1792-க்குப் பிறகும் முக்கியமாக இருந்தது என்று நீ மடக்கலாம். அது கணவாய் வழியில், புதிய எல்லை ஓரத்தில் இருந்தது. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை அவ்வழியாகத்தான் மைசூருக்குள் ஏறியது. என் வாதத்துக்கு அது எதிர்ச்சான்று அல்ல, துணைச்சான்று.

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் மதிலையே பார். பீரங்கி உடைத்திருந்தால் ஓரிடத்தில் வாய் பிளந்திருக்கும், மற்ற இடம் நிற்கும். இத்தகைய மதில் வெளியே கல், உள்ளே மண். பூச்சு போனதும் மழைநீர் இறங்கி மண் ஊதும், கல் வயிறு தள்ளி வெளிப்பக்கம் சரியும். வேர் புகுந்தால் இன்னும் வேகம். அதே மதிலுக்குள் இருக்கும் கல்யாணராமர் கோயிலையும் பார். அதற்குப் பூசையும் பராமரிப்பும் இருந்ததால் அது நிற்கிறது.

அன்புடன்,
உன் ஆசிரியர்