காலம் கடந்த காவல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

தோன்றிய உயிரினங்கள் மறைவது இயற்கையின் நியதி. பாறைகளுக்கிடையே கிடைக்கும் தொல்லுயிர்ப் படிவங்களே இதற்குச் சான்று. ஆனால் அண்மைக் காலத்தில் மறைந்த விலங்குகளின் வரலாற்றைப் படிக்கும்போது வேறோர் உண்மை புலனாகிறது. அவற்றுள் சில, யாரும் அறியாமல் அழிந்தவை அல்ல. அழிந்து வருகின்றன என்று தெரிந்திருந்தும், காக்கும் கை நீளுமுன் போய்விட்டவை. ஆஸ்திரேலிய நாட்டின் மூன்று விலங்குகளைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

டாஸ்மேனியப் புலி

பெயர்தான் புலி. உண்மையில் இது கங்காருவைப் போல் வயிற்றுப்பையில் குட்டியை வளர்க்கும் பைப்பாலூட்டி. முதுகில் கோடுகளும் நாய் போன்ற முகமும் உடையது. ஆடுகளைக் கொல்கிறது என்று குற்றம் சாட்டி, 1888 முதல் 1909 வரை டாஸ்மேனிய அரசே இதன் தலைக்கு விலை வைத்தது. வளர்ந்த விலங்கு ஒன்றுக்கு ஒரு பவுன். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளுக்குப் பரிசு வழங்கப்பட்டது. பின்னர், 1936 ஜூலை 10 அன்று இதனைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று, ஹோபார்ட் நகர விலங்குக் காட்சிச்சாலையில் இருந்த கடைசி விலங்கு இறந்தது. சட்டத்துக்கும் சாவுக்கும் இடையே 59 நாள்கள்!

கிறிஸ்துமஸ் தீவின் வௌவால்

ஜாவாவுக்குத் தெற்கே உள்ள கிறிஸ்துமஸ் தீவில் பிப்பிஸ்ட்ரெல் என்னும் சிறு வௌவால் வாழ்ந்தது. எடை ஏறத்தாழ 4 கிராம்; பூச்சிகளே உணவு. 1980-களில் பரவலாகக் காணப்பட்ட இது விரைந்து குறைந்தது. வௌவால்கள் எழுப்பும் மீயொலியைக் கருவிகளால் பதிவு செய்த ஆய்வாளர்கள், சிலவற்றைப் பிடித்து வளர்த்து இனப்பெருக்கம் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினர். 2009 ஜூலையில்தான் அரசு இசைந்தது. ஆகஸ்டில் ஆய்வுக்குழு சென்றபோது ஒரே ஒரு வௌவாலின் ஒலி மட்டும் கேட்டது. அதையும் பிடிக்க இயலவில்லை. ஆகஸ்ட் 26-க்குப் பின் அந்த ஒலியும் இல்லை. 2017-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனம் அழிந்துவிட்டதாக அறிவித்தது.

பிராம்பிள் கே எலி

ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையே, கடல்மட்டத்துக்கு மேல் 3 மீட்டருக்கு மிகாத பிராம்பிள் கே என்னும் மணல் திட்டு இருக்கிறது. அங்கு மட்டுமே வாழ்ந்தது மெலோமிஸ் என்னும் எலி. உயர்ந்துவரும் கடல் திட்டின் மேல் மீண்டும் மீண்டும் புரண்டு, எலிக்கு உணவும் மறைவிடமுமான செடிகொடிகளை அழித்தது. 2004 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு பசுமை போயிற்று. 2008-இல் மீட்புத் திட்டம் எழுதப்பட்டது. 2009-க்குப் பின் எலியை எவரும் காணவில்லை. 2014-இல் பொறிகளும் கேமராக்களும் வைத்துத் தேடியும் பயனில்லை. மனிதனால் விளைந்த தட்பவெப்ப மாற்றத்தால் அழிந்த முதல் பாலூட்டி இதுவே என்று அறிவியலார் கருதுகின்றனர்.

எலி போனால் என்ன?

இதை என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் பயிர்த்தொழில் செய்பவர். பள்ளிக்குச் சென்றவர் அல்லர். "எலி போனா நல்லதுதானேப்பா? நம்ம வயல்ல ஒழிய மாட்டேங்குதே!" என்றார். வயல் எலி ஒன்று செத்தால் ஆயிரம் மிஞ்சும். இதுவோ உலகில் வேறெங்கும் இல்லாத இனம், இனி எவ்வளவு பணம் கொடுத்தாலும் மீளாது என்று விளக்கினேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அப்போ வெதநெல்லையே குத்தித் தின்ன கதைதான்" என்றார். பாடநூலில் நான் படித்த விளக்கங்களைவிட இது தெளிவாக இருந்தது.

காலத்தில் செய்த உதவி

தாமதம் தவிர்க்க முடியாதது என்று கருத வேண்டாம். வௌவாலை இழந்த அதே கிறிஸ்துமஸ் தீவில், நீலவால் அரணையும் லிஸ்டர் பல்லியும் அதே காலத்தில் அழிவின் விளிம்பில் நின்றன. எஞ்சியிருந்தவற்றுள் சில டஜன்களை 2009-ஐ ஒட்டிப் பிடித்து வளர்த்தனர். காட்டில் அவை மறைந்துவிட்டன. வளர்ப்பிடத்திலோ ஆயிரக்கணக்கில் பெருகின. 2019-இல் நீலவால் அரணைகள் கோகோஸ் தீவுகளில் ஒன்றில் விடப்பட்டன. தீவு ஒன்றே, ஆண்டும் ஏறத்தாழ ஒன்றே. வௌவாலுக்கு இல்லாமற்போனது, பிடிப்பதற்குப் போதிய எண்ணிக்கை இருந்தபோதே கிடைத்திருக்க வேண்டிய அனுமதி.

டாஸ்மேனியப் புலி இறந்த செப்டம்பர் 7, இன்று ஆஸ்திரேலியாவில் அழிவுநிலை உயிரினங்களின் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று நாம் அதனை எள்ள வேண்டியதில்லை. எஞ்சியவற்றுக்கேனும் அது பயன்படட்டும்.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தைப் போல, முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவரைக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே பல. நாளை நம்மில் சிலர் ஆய்வாளராவோம். சிலர் கோப்புகளில் கையொப்பமிடும் இடத்தில் அமர்வோம். ஓர் உயிரினம் குறைந்து வருகிறது என்ற கோப்பு அன்று நம் மேசைக்கு வருமானால், மறுநாளைக்கு என்று அதனை ஒதுக்கி வைக்காதிருப்போமாக!