உலகம் தட்டையா? மின்சாரம் சும்மா வருமா?

இந்த மாதப் பாடம்



சில மாதங்களுக்கு முன் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் கூட்டத்திற்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கி, தவணை வரவு எழுதி முடித்ததும் ஓர் அக்கா எழுந்து 40,000 ரூபாய் உள்கடன் கேட்டார். அவர் மாவு அரைத்துக் கொடுத்துப் பிழைப்பவர். கரண்ட் பில் கட்டி மாளவில்லை. "காந்த ஜெனரேட்டர்னு ஒண்ணு வந்திருக்கு. டீசல் வேண்டாம், வெயில் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஒரு தடவை சுத்தி விட்டா அதுவே ஓடிக்கிட்டு கரண்ட் கொடுக்குமாம். 5,000 முன்பணம் கொடுத்துட்டேன்" என்றார்.

விற்க வந்தவர் காட்டிய வீடியோவையும் செல்போனில் போட்டுக் காட்டினார். அதில் பேசியவர், "உலகம் உருண்டை என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள். உலகம் தட்டை. அதே மாதிரிதான் இலவச மின்சாரத்தையும் படித்தவர்கள் மறைத்து வைத்திருக்கிறார்கள்" என்றார். உறுப்பினர்கள் சிரித்துவிட்டார்கள். நாங்களும் சிரித்தோம். அக்காவின் முகம் சுண்டிப் போயிற்று. "சிரிக்கிறீங்களே, உலகம் உருண்டைன்னு உங்கள்ல யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான். சந்தேகப்படுவது தப்பில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். படித்தவர் சொன்னாலும், வீடியோவில் சொன்னாலும் அதே சோதனைதான். அந்தக் கூட்டத்தில் பேசியதையும் அதன் பிறகு தேடிப் படித்ததையும் இந்த மாதம் பாடமாகத் தருகிறோம்.

1. தாம்பாளமும் பந்தும்

இதைக் குழுக் கூட்டத்திலேயே செய்து பார்க்கலாம். சுவர் ஓரம் ஒரு தாம்பாளத்தைப் பிடித்து டார்ச் லைட் அடியுங்கள். நேராகப் பிடித்தால் வட்டமான நிழல் விழும். சாய்த்தால் நிழல் முட்டை வடிவமாகும். விளிம்பு விளக்கைப் பார்க்கும்படி பிடித்தால் வெறும் கோடுதான் விழும். இப்போது பிள்ளைகளின் பந்தை எடுங்கள். எப்படித் திருப்பினாலும் நிழல் வட்டம்தான்.

சந்திர கிரகணத்தன்று நிலாவின் மேல் விழுவது நம் பூமியின் நிழல். கிரகணம் மாலையில் வந்தாலும், நடுச்சாமத்தில் வந்தாலும், விடியற்காலையில் வந்தாலும் அந்த நிழலின் ஓரம் வளைவாகத்தான் இருக்கிறது. ஒரு முறைகூடக் கோடாக விழுந்ததில்லை. கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் காட்டி, பூமி உருண்டை என்றார். நம் நாட்டில் ஆரியபட்டர் கி.பி. 499-இல் எழுதிய நூலில் பூமி உருண்டை என்றும், நிழலால்தான் கிரகணம் வருகிறது என்றும் சொன்னார்.

கடலோர ஊர்ச் சகோதரிகளுக்கு இன்னொரு சாட்சி உண்டு. கரையிலிருந்து தூரம் போகும் கப்பலில் முதலில் மறைவது அடிப்பாகம். மேல்பாகம் கடைசியில்தான் மறையும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு சாட்சி உண்டு. இங்கே மாலை 5.30 மணி, வெயில் அடிக்கிறது. சிங்கப்பூரில் அப்போது இரவு 8 மணி, இருட்டிவிட்டது. துபாயில் பிற்பகல் 4 மணிதான்.

"சூரியன் தூரமாப் போறதால இருட்டுதுன்னு அந்த வீடியோவுல சொல்றாங்களே?" என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. தூரமாகப் போகிற பஸ்ஸின் விளக்கு சிறுத்துக்கொண்டே போகும். மறைகிற சூரியன் அப்படிச் சிறுப்பதில்லை. அதே அளவில் இருந்துகொண்டே, அடிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறைகிறது.

2. 500 பவுன் பந்தயம்

இங்கிலாந்து நாட்டில் பெட்ஃபோர்டு என்ற பெயரில் நேராக ஓடும் ஒரு பழைய கால்வாய் இருக்கிறது. 1838-இல் சாமுவேல் ரோபோதம் என்பவர் அதில் இறங்கி நின்று, தண்ணீருக்குச் சற்று மேலே கண்ணை வைத்து, 6 மைல் தூரம் போன படகைப் பார்த்தார். "படகு கடைசி வரை தெரிந்தது, ஆகவே உலகம் தட்டை" என்று பிரசாரம் செய்தார். பலர் நம்பினார்கள்.

அவர் படகைப் பார்த்திருக்கலாம். ஆனால் தண்ணீரை ஒட்டி இருக்கும் காற்று ஒளியை வளைத்துவிடும். சூடான தார் ரோட்டில் தண்ணீர் கிடப்பதுபோல் கானல் தெரிகிறதே, அதுவும் காற்று ஒளியை வளைப்பதால்தான். தரையை ஒட்டிப் பார்த்தால் கண் ஏமாறும்.

1870-இல் ஜான் ஹாம்டன் என்பவர், "உலகம் உருண்டை என்று நிரூபித்தால் 500 பவுன் தருகிறேன்" என்று பந்தயம் கட்டினார். ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்ற இயற்கை அறிஞர் ஒப்புக்கொண்டார். வாலஸ் இளமையில் நில அளவை வேலை பார்த்தவர். அதே கால்வாயில், அதே 6 மைல் தூரத்தில் சோதனை நடந்தது. அவர் தண்ணீரை ஒட்டிப் பார்க்கவில்லை. இந்தக் கோடியில் ஒரு பாலம், அந்தக் கோடியில் ஒரு பாலம், நடுவில் ஒரு கம்பம். மூன்றிலும் தண்ணீரிலிருந்து ஒரே உயரத்தில் அடையாளம். தண்ணீர் தட்டையாக இருந்தால் மூன்று அடையாளமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். வளைந்திருந்தால் நடு அடையாளம் மேலே தூக்கித் தெரிய வேண்டும்.

தொலைநோக்கியில் பார்த்தபோது நடு அடையாளம் ஏறத்தாழ 5 அடி உயர்ந்து தெரிந்தது. பணத்தை வைத்திருந்த பத்திரிகை ஆசிரியர், வாலஸ் ஜெயித்தார் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஹாம்டன் ஒத்துக்கொண்டாரா? இல்லை. அவர் சார்பில் வந்தவர் அதே தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, தட்டை என்றே நிரூபணம் ஆயிற்று என்றார். ஹாம்டன் வாலஸைத் திருடன் என்று ஊரெல்லாம் எழுதினார். வாலஸின் மனைவிக்கே மிரட்டல் கடிதம் போட்டார். அவதூறுக்காகச் சிறைக்கும் போனார். பந்தயத்தைச் சட்டம் ஏற்காததால், கோர்ட்டுக்குப் போய்த் தன் பணத்தைத் திரும்ப வாங்கினார். வாலஸுக்கு 15 ஆண்டுகள் தொல்லையும் செலவும்தான் மிச்சம்.

சகோதரிகளே, இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. எதைப் பார்த்தால் எதை ஒத்துக்கொள்வோம் என்று சோதனைக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். எதைக் காட்டினாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று முடிவு கட்டியவரோடு பணம் வைத்து வாதாடக் கூடாது.

3. மாடியில் இருந்த கிழவர்

உலகம் தட்டை என்று ஒருவர் நம்புவதால் நம் கையை விட்டு ஒன்றும் போவதில்லை. ஆனால் சும்மா வரும் மின்சாரத்தை நம்பினால் பணம் போகும். இதுவும் பழைய கதைதான்.

1812-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரத்தில் சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர், தானாகவே ஓயாமல் சுற்றும் எந்திரம் கண்டுபிடித்ததாகச் சொன்னார். பார்க்க வந்தவர்களிடம் கட்டணம் வாங்கினார். பெரிதாகச் செய்ய அரசாங்கத்திடமே பணம் கேட்டார். சோதிக்க வந்தவர்களைக் கிட்டே விடாமல் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கவிட்டார். அவர்களில் ஒருவர் தன் மகனை அழைத்து வந்திருந்தார். அந்தப் பையன், பல் சக்கரங்களின் தேய்மானம் தப்பான பக்கம் இருப்பதைக் கண்டான். அப்படியானால் எந்திரம் மற்றதைச் சுற்றவில்லை, வேறு ஏதோ ஒன்று எந்திரத்தைச் சுற்றுகிறது!

ரெட்ஹெஃபர் நியூயார்க்கிற்குப் போய்க் கடை விரித்தார். 1813-இல் நீராவிக் கப்பல் புகழ் ராபர்ட் ஃபுல்டன் பார்க்க வந்தார். சத்தம் சீராக இல்லை, ஏறி இறங்குகிறது என்று கவனித்தார். சுவர்ப் பக்கம் இருந்த மரச் சட்டத்தைப் பெயர்த்தார். உள்ளே ஒரு நரம்புக் கயிறு ஓடியது. அது போன வழியே போனால், மாடியில் ஒரு கிழவர் ஒரு கையில் ரொட்டி தின்றுகொண்டு, மறு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு இருந்தார்.

இன்றைக்கு அந்தக் கிழவர் இருக்கும் இடத்தில் ஒரு பேட்டரி இருக்கும். கணக்குப் போடுவோம். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரியில் ஏறத்தாழ 1.8 யூனிட் மின்சாரம் நிற்கும். 9 வாட் பல்பு நான்கு எரிந்தால் ஒரு நாளுக்கு மேலும் தாங்கும். விற்க வந்தவர் அக்காவுக்கு நான்கு பல்பை ஒரு மணி நேரம் எரிய வைத்துத்தான் காட்டினார். அதே பேட்டரியில் ஒரு குதிரைத்திறன் கிரைண்டரை ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்து போகும். அதனால் என்ன ஓடியது என்று மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு நேரம், எவ்வளவு பாரத்தை இழுத்தது என்றும் பார்க்க வேண்டும்.

"மோட்டார் ஜெனரேட்டரைச் சுத்தும், ஜெனரேட்டர் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும்" என்பார்கள். ஒரு குடத்துத் தண்ணீரை இன்னொரு குடத்தில் ஊற்றி, திரும்பவும் முதல் குடத்திலேயே ஊற்றிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிந்தும். தண்ணீர் குறையுமே தவிரக் கூடாது. சக்தியும் அப்படித்தான். மோட்டார் சூடாவதும் சத்தம் போடுவதும் சிந்துகிற தண்ணீர் மாதிரி. காந்தம் பிடித்து இழுக்கும், தள்ளும். ஆனால் எதுவும் போடாமல் ஓயாமல் வேலை செய்து கொடுக்காது. தீனி போடாமல் எந்த மாடு பால் கறக்கும்?

சூரிய மின்தகடும் சாண எரிவாயுவும் அப்படி அல்ல. அவை உண்மை. ஒன்றுக்கு வெயில் தீனி, இன்னொன்றுக்குச் சாணம் தீனி. விற்பவரிடம் முதல் கேள்வியே "இதுக்குத் தீனி எது?" என்பதுதான்.

4. குழு என்ன செய்தது?

அன்று குழு கடனை மறுக்கவில்லை, ஒத்திவைத்தது. தீர்மானப் புத்தகத்தில் மூன்று நிபந்தனை எழுதினார்கள்.

* எந்திரம் மூன்று நாள் நம் இடத்தில், நம் பூட்டில் இருக்க வேண்டும்.
* பல்பு போதாது. அக்காவின் கிரைண்டரையே தினம் ஆறு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும்.
* பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். பணம் அதற்குப் பிறகுதான்.

விற்பவர், "திறந்தா காப்புரிமை போயிடும்" என்றார். சகோதரிகளே, இது தவறு. காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் எந்திரத்தின் விவரம் வெளியிடப்படும், யாரும் படிக்கலாம். இயற்கை விதிக்கு முரணான எந்திரத்திற்கு நம் நாட்டுச் சட்டம் காப்புரிமை தருவதே இல்லை. "அடுத்த வாரம் வர்றேன்" என்று போனவர் வரவில்லை. போனும் அணைந்துவிட்டது.

அக்காவின் 5,000 ரூபாய் திரும்பவில்லை. ஆனால் குழுவின் 40,000 ரூபாய் தப்பியது. அடுத்த கூட்டத்தில், முதலில் சிரித்ததற்காக நாங்கள் அக்காவிடம் வருத்தம் சொன்னோம். சிரித்தால் ஏமாந்தவர் வாயை மூடிக்கொள்வார். அவர் வாயை மூடினால் அடுத்த வீட்டுக்காரரும் ஏமாறுவார். இன்று அந்த அக்காவே மற்ற குழுக்களுக்குப் போய் இந்தக் கதையைச் சொல்கிறார்.

குழுவில் கலந்து பேசுங்கள்

1. தாம்பாளம், பந்து சோதனையைப் பிள்ளைகளோடு செய்து பார்த்தீர்களா? என்ன கண்டீர்கள்?
2. உங்கள் ஊருக்கு வந்து "சும்மா கிடைக்கும்" என்று எதையாவது விற்றிருக்கிறார்களா? அதற்குத் தீனி எது என்று யாராவது கேட்டார்களா?
3. புதிய எந்திரம் வாங்கக் கடன் கேட்டால், உங்கள் குழு என்னென்ன நிபந்தனை வைக்கும்? தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.
4. ஏமாந்த ஒரு சகோதரி குழுவில் வந்து சொன்னால் அவரை எப்படி நடத்துவோம்?

கேட்போம், பார்ப்போம், அளப்போம். அதன் பிறகு பணத்தை எடுப்போம்.